எந்தப் பாகத்தை மாற்றுவது? பேரனின் கம்ப்யூட்டரும் கொஞ்சம் வரலாறும்



நடுகல், அதியமான், தாமஸ் மன்றோ என்று எழுதிக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று கேம் ஆடுகிற கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள். இதுவும் வரலாறுதான். நம் காலத்து வரலாறு. உங்களில் பலருடைய வீட்டில் இப்போது பிளஸ் டூ, காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்த பஞ்சாயத்து நாளைக்கு உங்கள் வீட்டிலும் நடக்கலாம். அதனால் முழுதாகப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம், 2025 மே மாத விடுமுறை. என் மகள் வயிற்றுப் பேரன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு வந்திருந்தான். அவனிடம் 2019-ல் அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அது புது கேம் எதையும் இழுக்கவில்லை, திக்கித் திக்கி ஓடுகிறது என்று ஒரே புலம்பல். ஒரு கடையில் விசாரித்திருக்கிறான். போர்டிலிருந்து எல்லாமே பழசு, முழுசாக மாற்றினால்தான் ஆகும் என்று சொல்லி 95,000 ரூபாய்க்கு கொட்டேஷன் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மகள்தான் சமையல்கட்டில் என்னிடம் மெதுவாக, "செயினை பேங்க்ல வெச்சா வந்துடும்மா, படிக்கிற பையன், ஏங்கிப் போயிடுவான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பேரனைக் கூப்பிட்டு, "என் பென்ஷன்ல 30,000 ரூபாய் தரேன். அதுக்குள்ள முடிக்கணும்" என்றேன்.

"ஆயா, 30,000ல என்ன வரும்? ஒரு கார்டுகூட வராது" என்றான்.

வரும் என்று எனக்கும் அன்றைக்குத் தெரியாது. ஆனால் இதே மாதிரி ஒரு விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரசு கொடுத்த மடிக்கணினி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்றைக்குத்தான் முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு மாநிலம் முழுக்க எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த பத்து ஆண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்து முடித்தார்கள். அரசியலை விடுங்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் உள்ளே வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைகள் நாலைந்து வருடம் கழித்து அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று "டீச்சர்" என்று கூப்பிட்டபோது என் மனசு நிறைந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த முதல் மடிக்கணினியில் இருந்தது 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம். 

என் தம்பி மகள், எனக்கு மருமகள் முறை, 2012-ல் கல்லூரியில் ஒன்று வாங்கினாள். அடுத்த வருடமே "ரொம்ப ஸ்லோவா இருக்கு அத்தை" என்றாள். ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். "ரேம் போட்டா பறக்கும் மேடம்" என்றார்கள். 1,200 ரூபாய் கொடுத்து இன்னொரு 2 ஜிபி போட்டோம். வீட்டுக்கு வந்து திறந்தால் 4 ஜிபி என்று காட்டுகிறது, பக்கத்திலேயே பயன்படுத்தக்கூடியது 2 ஜிபி என்றும் காட்டுகிறது. வேகம் அப்படியே இருக்கிறது. ஒரு துளி மாற்றமில்லை.

காரணம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட் மலிவு விலைக் கணினிகளுக்காக வெட்டிச் சுருக்கிய பதிப்பு. 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு ரேம் வைத்தாலும் அது தொடாது. வால்பேப்பர்கூட மாற்ற விடாது, அது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் வாங்கிக் கொடுத்த ரேமில் குறை இல்லை. அதற்குப் போகிற கதவு பூட்டியிருந்தது. கதவைப் பார்க்காமல் சாமானை வாங்கியது என் தப்பு.

கிணறும் மோட்டாரும்

நம் ஊர்க்காரர்களுக்கு இதைக் கிணற்றை வைத்துச் சொன்னால் உடனே புரியும். பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற நம் உறவுகளைக் கேளுங்கள். 5 எச்பி மோட்டாரை எடுத்துவிட்டு ஏழரை எச்பி மாட்டினால் தண்ணீர் ஒன்றரை மடங்கு வருமா? ஊற்று சுரக்கிற அளவுக்குத்தான் வரும். பைப் சின்னதாக இருந்தால் பைப் விடுகிற அளவுக்குத்தான் வரும். ஊற்று, மோட்டார், பைப், வாய்க்கால் என்ற நாலில் எது குறைவோ அதுதான் வயலுக்குப் போகிற தண்ணீரின் அளவு. மற்ற மூன்றில் கொட்டுகிற காசு எல்லாம் வீண்.

இதையே கணக்காக எழுதியவர் ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கர். ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரலில் சிஸ்டம் 360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. அதன் முதன்மை வடிவமைப்பாளர் அவர். அதற்கு முன்பெல்லாம் பெரிய கணினி வாங்கினால் பழைய புரோகிராம்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். சிஸ்டம் 360 வரிசையில் சின்ன மாடலில் ஓடிய புரோகிராம் பெரிய மாடலிலும் ஓடியது. இருப்பதை வைத்துக்கொண்டே மேலே போகலாம் என்ற எண்ணம், இன்றைக்கு நாம் 'அப்கிரேட்' என்கிறோமே அது, பெரிய அளவில் வேர் பிடித்தது அங்கேதான்.

அதே ஆம்டால் 1967-ல் ஒரு கட்டுரை வாசித்தார். அதன் சாரம் இதுதான்: ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் எவ்வளவு வேகமாக்கினாலும், மீதிப் பகுதி எடுக்கிற நேரம் அப்படியேதான் இருக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம், நான் டீச்சர் இல்லையா. ஒரு கேம் திறக்க 100 விநாடி ஆகிறது என்று வையுங்கள். அதில் 80 விநாடி ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருப்பது, 20 விநாடி பிராசசரின் வேலை. காசைக் கொட்டி பிராசசரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் 80 + 10 = 90 விநாடி. டிஸ்க்கை எட்டு மடங்கு வேகமாக்கினால் 10 + 20 = 30 விநாடி. எங்கே காசு போட வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஆனால் ஒரு சிக்கல். குறை எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வருடத்துக்கு வருடம் இடம் மாறிக்கொண்டே போகும். அதுதான் இதில் உள்ள வரலாறு.

குறை இடம் மாறிய கதை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. பெட்டியைத் திறந்தால் உள்ளே காலி ஸ்லாட்டுகள். வேறு கம்பெனிக்காரர்களும் அட்டை செய்து அதில் செருகலாம். அந்தத் திறந்த பெட்டிதான் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிற 'அசெம்பிள்' தொழிலுக்கே தாய். ரேடியோ, டிவி உதிரி பாகங்கள் விற்ற சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் தெருவாக மாறியதும், பெங்களூரு டவுன் ஹால் பக்கத்து எஸ்பி ரோடு பிழைப்பதும் அந்தப் பெட்டியால்தான்.

1993-ல் டூம் என்ற கேம் வந்தபோது படம் வரைகிற வேலை முழுவதையும் பிராசசரே செய்தது. அன்றைக்குக் குறை பிராசசரில். 1996-ல் குவேக் வந்தது. முழு முப்பரிமாணக் கேம். பிராசசர் மூச்சு வாங்கியது. அதே வருடம் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி வூடூ என்று ஒரு அட்டை கொண்டுவந்தது. முப்பரிமாணப் படம் வரைவது ஒன்றைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. சாதாரணமாகத் திரையில் எழுத்து காட்டக்கூடப் பழைய அட்டை பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு கேபிளால் இணைப்பார்கள். ஆனால் அதே பழைய பிராசசரில் அந்த அட்டையைச் செருகியவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த வருடம் மெமரி சிப்புகளின் விலை சரிந்ததால்தான் அப்படி ஒரு அட்டை வீட்டுக்கு வாங்கும் விலைக்கு இறங்கியது. 1999-ல் என்விடியா ஜிஃபோர்ஸ் 256-ஐ 'ஜிபியு' என்ற பெயரோடு விற்றது. அதிலிருந்து கேம் என்றாலே முதல் செலவு கிராபிக்ஸ் கார்டு என்றாகிவிட்டது.

நடுவில் 1998-ல் நடந்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்டெல் மலிவு விலையில் செலரான் என்ற பிராசசரைக் கொண்டுவந்தது. விலையைக் குறைக்க, இரண்டாம் நிலை கேஷ் என்கிற கைக்கெட்டும் மெமரியை அதில் முழுக்க எடுத்துவிட்டார்கள். அண்டை வீட்டுக்குப் போய் ஒவ்வொரு கரண்டியாக எண்ணெய் வாங்கிவந்து சமைப்பது மாதிரி ஆகிவிட்டது. கெட்ட பெயர். அதே வருடம் ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. 128 கேபி கேஷ், அதுவும் சிப்புக்குள்ளேயே. போர்டின் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450-ல் ஓடியது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 பிராசசரோடு கேமில் தோளுக்குத் தோள் நின்றது. உலகம் முழுக்கக் காசில்லாத பிள்ளைகள் அதைத் தேடி வாங்கினார்கள். துளியளவு கேஷ் ஒரு பிராசசரின் தலையெழுத்தையே மாற்றியது.

அடுத்த குறை ஹார்ட் டிஸ்க்கில். இதன் வம்சம் 1956-ல் ஐபிஎம் செய்த ரேமேக் கணினியிலிருந்து வருகிறது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் சுழன்று, மொத்தம் 50 லட்சம் எழுத்துகளைச் சேமித்தது. அதற்குப் பிறகு அளவு சுருங்கியது, கொள்ளளவு பெருகியது. ஆனால் தட்டு சுழல்வது மாறவில்லை. மடிக்கணினி டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று. தேவையான இடம் ஊசிக்குக் கீழே வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் ஃபைல்களை எடுக்கும்போது விநாடிக்கு நூறு இடம் தொட்டால் அதிகம். எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவுமே இல்லை. ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் மெமரிதான் அதன் உயிர். விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும்.

இந்த மாற்றத்தை நம் அரசு மடிக்கணினியிலேயே பார்க்கலாம். கொரோனா சமயத்தோடு நின்ற திட்டம் திரும்ப வந்து, 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 2011-ல் 320 ஜிபி, 2026-ல் 256 ஜிபி. எண் குறைந்திருக்கிறது, ஆனால் கணினி எத்தனையோ மடங்கு வேகம். பெட்டியின் மேல் அச்சடித்த பெரிய எண்ணைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

வீட்டிலேயே செய்த சோதனை

சரி, பேரன் கதைக்கு வருவோம். 1,200 ரூபாய் ரேம் வாங்கிக் கொடுத்து நான் ஏமாந்தேனே, அதே மருமகள் இன்றைக்குப் பெங்களூருவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு வீடியோ கால் போட்டோம். அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு பைசா செலவு பண்றதுக்கு முன்னாடி எது அடைக்குதுன்னு பார்ப்போம் அத்தை."

பேரனிடம் இருந்தது ரைசன் 5 2600 பிராசசர், பி450 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

முதலில் பெட்டியைத் திறந்து தூசி தட்டச் சொன்னாள். நம் ஊர்த் தூசி தெரியுமே, ஃபேனில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. அதுவே சூடேற்றி வேகத்தைக் குறைக்குமாம். அடுத்து பயாஸில் ரேமின் முழு வேகத்தை ஆன் செய்யச் சொன்னாள். பல பெட்டிகளில் அதை யாரும் ஆன் செய்வதே இல்லையாம். இரண்டும் இலவசம்.

பிறகு கேமை ஓடவிட்டுப் பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். பிராசசர் பாதி வேலைதான் செய்கிறது. கிராபிக்ஸ் கார்டு 100 சதவீதத்தில் நிற்கிறது. ரேம் விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது. கேம் திறக்கும்போது டிஸ்க் 100 சதவீதம்.

சந்தேகம் தீர இன்னொரு சோதனையும் வைத்தாள். கேமில் படத்தின் தரத்தையும் ரெசல்யூஷனையும் நன்றாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். குறைத்ததும் ஃபிரேம் எண்ணிக்கை ஜிவ்வென்று ஏறினால் அடைப்பு கிராபிக்ஸ் கார்டில். எவ்வளவு குறைத்தும் ஏறாவிட்டால் அடைப்பு பிராசசரில். எங்களுக்கு ஏறியது. இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும், காசு வேண்டாம். உங்கள் பிள்ளைகளையும் இதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

ஆக, கடையில் 'எல்லாமே பழசு' என்று சொன்ன பெட்டியில் போர்டும் பிராசசரும் நல்ல நிலையில்தான் இருந்தன.

போர்டைப் பற்றியும் ஒரு வரலாறு உண்டு. அதில் பிராசசர் உட்காருகிற இடத்துக்கு ஏஎம்4 சாக்கெட் என்று பெயர். முதல் ரைசன் பிராசசர்கள் 2017 மார்ச்சில் அதில் வந்தன. 2020 மே மாதம் ஏஎம்டி நிறுவனம், அடுத்து வரப்போகும் பிராசசர்கள் பி450 போர்டில் ஓடாது என்றது. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை, இணையம் முழுக்கச் சண்டை போட்டார்கள். அதே மாதத்திலேயே கம்பெனி இறங்கிவந்து, ஓடும்படி செய்கிறோம் என்று சொல்லிவிட்டது. அதன்படி செய்தும் கொடுத்தது. 2022-ல்கூட அதே சாக்கெட்டுக்குப் புதுப் பிராசசர் வந்தது. பேரன் படிப்பு முடிக்கிற சமயத்தில் தேவைப்பட்டால், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 5000 வரிசை பிராசசர் ஒன்றை அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம். தூக்கிப் போடச் சொன்ன போர்டுக்கு இன்னும் ஒரு ஆயுள் பாக்கியிருக்கிறது. வாங்கியவர்கள் ஒன்றாகக் கேட்டதால் கிடைத்த ஆயுள் அது.

எஸ்பி ரோட்டில் ஒரு நாள்

மருமகள் சனிக்கிழமை வரச் சொன்னாள். நானும் பேரனும் விடியற்காலையில் பஸ் ஏறி ஓசூர் வழியாகப் போனோம். எஸ்பி ரோடு சந்தில் நடக்கவே இடமில்லை. நாலு கடை ஏறி இறங்கி, பில்லும் வாரண்டியும் உள்ள புதுச் சாமானாக வாங்கினோம். அன்றைக்கு நாங்கள் கொடுத்த விலை:

ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி - 20,500
500 ஜிபி எஸ்எஸ்டி - 3,200
8 ஜிபி ரேம், இன்னொரு ஸ்டிக் - 1,700
550 வாட் எஸ்எம்பிஎஸ் - 3,900
மொத்தம் 29,300 ரூபாய்.

எஸ்எம்பிஎஸ் எதற்கு என்று நான் கேட்டேன். பழைய 1050 டிஐ கார்டு 75 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும், போர்டின் ஸ்லாட்டே அதற்குக் கரண்ட் கொடுத்துவிடும். புதுக் கார்டு 130 வாட்டுக்குப் பக்கத்தில் இழுக்கும், தனி ஒயர் வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ் பேர் தெரியாத மலிவுச் சாமான். நம் ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்குவது தெரிந்ததுதானே. அது புகைந்தால் மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஃபிரேம் ஏற்றாத செலவுதான், ஆனால் கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி மாதிரி. அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

ஏன் இன்னும் பெரிய கார்டு வேண்டாம் என்று பேரன் கேட்டதற்கு மருமகள் மானிட்டரைக் காட்டினாள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் விநாடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. வாய்க்கால் அவ்வளவுதான். 150 படம் வரைகிற கார்டை வாங்கி 60-ஐப் பார்ப்பது வீண். ரேமில்கூட ஒரே 16 ஜிபி ஸ்டிக் வேண்டாம், பழையதோடு இன்னொரு 8 போதும் என்றாள். இரண்டு ஸ்டிக் இருந்தால் பாதை இரண்டாகிவிடும்.

இன்னொன்றும் சொன்னாள். இதே கார்டை 2021-ல் கேட்டிருந்தால் கையைக் கடித்திருக்கும். அந்தச் சமயத்தில் கொரோனாவால் சிப் தட்டுப்பாடு. போதாக்குறைக்கு ஈத்தரியம் என்கிற கிரிப்டோ பணத்தைத் தோண்டுவதற்கு கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். கேம் ஆடுகிற பிள்ளைகள் போட்ட விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது, கார்டுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. பொறுத்திருந்தவர்களுக்கு விலை இறங்கியது. இப்போது அதே கதை ரேமில் நடக்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொள்வதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறிவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடுவதாக மைக்ரான் கம்பெனி டிசம்பரில் அறிவித்தது. அதனால் எங்கள் 1,700 ரூபாயை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். உங்கள் பெட்டியில் ரேம்தான் அடைப்பு என்று சோதனை சொன்னால் மட்டும் இப்போது வாங்குங்கள். இல்லையென்றால் பொறுங்கள். தக்காளி கிலோ நூறு ரூபாய் விற்கிறபோது ஊறுகாய் போடுவதில்லை.

பலன்

வீட்டுக்கு வந்து பேரனே மாட்டினான். முன்பு 35 ஃபிரேமில் திக்கிய கேம் 60-ஐத் தாண்டியது. திறக்க வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வருவான், இப்போது உட்காருவதற்குள் திறந்துவிடுகிறது. காலேஜ் புராஜெக்ட்டும் அதில்தான் செய்கிறான் என்று சொன்னான். மாப்பிள்ளை நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் முந்தாநாள் எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் சேர்ந்து கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் கழுத்தில் செயின் அப்படியே இருக்கிறது. கொட்டேஷனுக்கும் செலவுக்கும் வித்தியாசம் 65,700 ரூபாய்.

பழைய 1050 டிஐ கார்டும் வீணாகவில்லை. தனி ஒயர் வேண்டாத கார்டு என்பதால் பக்கத்து வீட்டுப் பையனின் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் பொருந்திக்கொண்டது.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் மனசு கேட்காது. அன்றைக்கு எஸ்பி ரோட்டிலிருந்து மருமகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அலமாரியிலிருந்து தன் பழைய அரசு மடிக்கணினியை எடுத்துவந்தாள். நான் வாங்கிக் கொடுத்த ரேம் அதற்குள் அப்படியே இருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, கைவசம் இருந்த பழைய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினாள். விண்டோஸை எடுத்துவிட்டு இலகுவான லினக்ஸ் ஏற்றினாள். திறந்து காட்டினாள். 4 ஜிபி. முழுசாக 4 ஜிபி. "உங்க 1,200 ரூபாய் இப்பதான் வேலை செய்யுது அத்தை" என்றாள். 12 வருடம் பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரேம் அது.

அந்த மடிக்கணினியை எனக்கே கொடுத்துவிட்டாள். இந்தப் பதிவை அதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

வகுப்பில் பின்தங்குகிற பிள்ளையைப் பார்த்து 'இது தேறாது' என்று முழுசாகத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவனுக்குக் கண் சரியாகத் தெரியாது, முன் பெஞ்சில் உட்காரவைத்தால் போதும். ஒருத்திக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஒன்றுதான் தடை. அதைக் கண்டுபிடித்துச் சரி செய்தால் மற்றது தானாக வரும். 30 வருடத்துக்கு மேல் நான் செய்த வேலையும் அடைப்பைத் தேடுவதுதான். கம்ப்யூட்டருக்கும் அதேதான் என்று பென்ஷன் வாங்குகிற வயதில் தெரிந்துகொண்டேன்.

உங்களிடம் இன்னும் அந்த அரசு மடிக்கணினி இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள். எந்த வருடம் வாங்கினீர்கள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்